ஒரே பெட்டியா, தனித்தனியா? உயர்ரக ஆடியோ வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் உறவினர், நண்பர் வீடுகளில் ஆடியோ சிஸ்டம் பார்த்து வாங்கி, இடம் பார்த்து வைத்துக் கொடுப்பதை இருபது வருடமாகச் செய்துவருகிறேன். இதில் எனக்கு வியாபாரம் எதுவும் இல்லை, பாட்டு மேல் உள்ள ஆசைதான். ஒரு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ செலவழிக்கத் துணிந்தவர்கள் எல்லோரும் முதலில் வந்து நிற்பது இந்த ஒரே இடத்தில்தான். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒரே பெட்டி என்றால் எது, தனித்தனி என்றால் எது?

பாட்டு உங்கள் காதுக்கு வருவதற்குள் நாலு வேலை நடக்கிறது. இணையத்திலிருந்தோ சி.டி.யிலிருந்தோ பாட்டை எடுக்க வேண்டும். அது ஸ்ட்ரீமர் அல்லது பிளேயர் வேலை. எண்களாக இருப்பதை மின்னலையாக மாற்ற வேண்டும், அது டி.ஏ.சி. வேலை. அந்தச் சின்ன அலையைப் பெரிதாக்குவது ஆம்ப். கடைசியில் காற்றை அதிரவைப்பது ஸ்பீக்கர்.

நாலும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அசல் 'ஆல் இன் ஒன்'. நெய்ம் நிறுவனம் 2014-ல் கொண்டுவந்த மியூசோ இதற்கு நல்ல உதாரணம்: மேஜை மேல் நீளமாக ஒரே பெட்டி, ஒரே கரண்ட் ஒயர். நாலும் இரண்டு ஸ்பீக்கருக்குள்ளேயே அடங்கியிருந்தால் அது ஆக்டிவ் ஒயர்லெஸ் ஜோடி. கெஃப் எல்.எஸ்.50 ஒயர்லெஸ் 2 அந்த வகை. ஸ்ட்ரீமர், டி.ஏ.சி., ஆம்ப் மூன்றும் ஒரு பெட்டியில் இருக்க, ஸ்பீக்கரை மட்டும் நீங்கள் தனியாக வாங்குவது மூன்றாவது வகை; நெய்ம் யூனிட்டி ஆட்டம் போல. எல்லாமே தனித்தனிப் பெட்டியாக வாங்கி ஒயரால் கோப்பது நாலாவது.

கடையில் முதல் மூன்றையும் சேர்த்து 'ஆல் இன் ஒன்' என்றே சொல்லிவிடுகிறார்கள். அந்த மூன்றுக்குள் உள்ள வித்தியாசம்தான் இந்தப் பக்கம் முழுக்கப் பேச்சு.

நேராகச் சொல்லுங்கள், எது நன்றாகப் பாடும்?

ஒரே விலைக்கு ஒப்பிட்டால், பல நேரம் ஆக்டிவ் ஜோடிதான். 'தனித்தனியாக வாங்கினால்தான் சத்தம் நன்றாக இருக்கும்' என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிட்டுக் கேளுங்கள்.

காரணம் இது. சாதாரண ஸ்பீக்கரில் ஆம்ப் ஒன்றிலிருந்து வரும் அலையை, பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் என்ற சர்க்யூட் இரண்டாகப் பிரித்து, தடித்த சத்தத்தை ஊஃபருக்கும் மெல்லிய சத்தத்தை ட்வீட்டருக்கும் அனுப்புகிறது. ஆம்பின் முழுச் சக்தியும் அந்தக் காயில், கெபாசிட்டர் வழியாகத்தான் போக வேண்டும். கொஞ்சம் வீணாகும், ஸ்பீக்கர் மேல் ஆம்புக்கு இருக்கும் பிடியும் தளரும். ஆக்டிவ் ஸ்பீக்கரில் பிரிப்பது ஆம்புக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஊஃபருக்கு ஒரு ஆம்ப், ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப். எல்.எஸ்.50 ஒயர்லெஸ் 2-ல் ஒவ்வொரு பெட்டியிலும் ஊஃபருக்கு 280 வாட், ட்வீட்டருக்கு 100 வாட் தனித்தனியாக இருக்கிறது. எந்த ஆம்ப் எந்த ஊஃபரை ஓட்டப்போகிறது என்று தயாரிப்பாளருக்கே தெரியும் என்பதால் இரண்டையும் ஒன்றுக்கொன்று பார்த்து அளவெடுத்துத் தைத்துவிடுகிறார்கள்.

மியூசோ போன்ற ஒற்றைப் பெட்டி இன்னொரு கணக்கு. எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு நடுவே இரண்டடி தூரம்கூட இருக்காது. ஸ்டீரியோ என்பது எதிரே ஒரு மேடை விரிவது: பாடுபவர் நடுவில், வயலின் ஒருபக்கம், மிருதங்கம் மறுபக்கம். அந்த விரிவு வேண்டுமானால் பெட்டிகள் ஆறு, ஏழு அடி தள்ளி நிற்க வேண்டும், நீங்களும் அவற்றோடு ஒரு முக்கோணமாக உட்கார வேண்டும். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடமாடிக்கொண்டே கேட்பவருக்கு இந்த முக்கோணமே தேவையில்லை. அவருக்கு ஒற்றைப் பெட்டி நிறைவான பொருள்.

அப்படியானால் தனித்தனியாக ஏன் வாங்க வேண்டும்?

ஆயுளுக்காக. என்னிடம் ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொண்டு போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் சொல்வது இதுதான்: இருபத்தைந்து வருடம் உழைக்கும் பொருளையும் ஏழு வருடத்தில் பழசாகும் பொருளையும் ஒரே பெட்டிக்குள் போட்டுப் பூட்டாதீர்கள்.

நல்ல ஸ்பீக்கர் இருபது, இருபத்தைந்து வருடம் சாதாரணமாக ஓடும். ஆம்பும் அப்படித்தான். என்.ஏ.டி. 3020 என்ற சின்ன ஆம்ப் 1970-களின் கடைசியில் வந்தது, வெறும் 20 வாட். அது இன்றும் எத்தனையோ வீடுகளில் பாடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஸ்ட்ரீமர் என்பது உண்மையில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். ஆப் மாறும், பாட்டு நிறுவனம் தன் முறையை மாற்றும், வைஃபை மாறும். உங்கள் பத்து வருடப் பழைய செல்ஃபோன் இன்று என்ன நிலையில் இருக்கிறதோ, அதே கதிதான் அதற்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். 2020 ஜனவரியில் சோனோஸ் நிறுவனம் தன் பழைய சாதனங்கள் சிலவற்றுக்கு அந்த மே மாதத்தோடு மென்பொருள் புதுப்பிப்பு நின்றுவிடும் என்று அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள், தலைமை நிர்வாகி மன்னிப்புக் கேட்டார். அந்த ஸ்பீக்கர்களின் ஊஃபருக்கோ ட்வீட்டருக்கோ ஒரு குறையும் வரவில்லை. உள்ளே இருந்த கம்ப்யூட்டருக்குத்தான் வயதாகிவிட்டது. 2024 மே மாதம் அதே நிறுவனம் ஆப்பை அடியோடு மாற்றியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீடுகளிலும் சத்தம் கூட்டிக் குறைப்பதே பாடாகிப்போனது.

எம்.க்யூ.ஏ. என்ற ஒலி முறைக்காகவே கூடுதல் காசு கொடுத்து டி.ஏ.சி. வாங்கியவர்கள் நிறையப் பேர். 2023-ல் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. 2024-ல், பாட்டு ஸ்ட்ரீமிங் சேவையான டைடல் அதைக் கைவிட்டது. தனி டி.ஏ.சி. வைத்திருந்தவருக்கு ஒரு பெட்டியோடு போயிற்று, அந்த டி.ஏ.சி.யும் சாதாரணப் பாட்டை இன்னும் நன்றாகவே பாடும்.

அதனால்தான் என் கை எப்போதும் அந்த மூன்றாவது வகையைக் காட்டுகிறது. கம்ப்யூட்டர் பகுதியும் ஆம்பும் ஒரு பெட்டியில் இருக்கட்டும், ஸ்பீக்கர் வெளியே இருக்கட்டும். பெட்டி பழசானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். போட்ட பணத்தில் பெரும்பகுதி ஸ்பீக்கரில் பத்திரமாக நிற்கும். அந்தப் பெட்டியில் சாதாரண அனலாக் இன்புட் ஒன்றாவது இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். உள்ளே உள்ள ஸ்ட்ரீமர் செத்தாலும், அந்த வழியாக வெளியிலிருந்து ஒரு சின்ன ஸ்ட்ரீமரைச் செருகி ஆம்பைக் காப்பாற்றலாம்.

ரிப்பேர் என்று வந்தால்?

என் வீட்டிலேயே ஒரே மழைக்காலத்தில் இரண்டு பொருள் படுத்தன.

ஒன்று, பதினெட்டு வருட ஆம்ப். வலது பக்கம் கரகரவென்றது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். மெக்கானிக் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, தலை உப்பிப்போன இரண்டு கெபாசிட்டரை விரலால் தொட்டுக் காட்டினார். "பாருங்க சார், வயித்துல காத்து மாதிரி." அந்த இரண்டையும் மாற்றி, வால்யூம் கன்ட்ரோலுக்குள் கிளீனர் அடித்து, சாயங்காலம் கொடுத்துவிட்டார். இன்றும் அதில்தான் கேட்கிறேன்.

இன்னொன்று, ஆறு வருட ஒற்றைப் பெட்டி. விளக்கு எரியும், வைஃபையில் சேராது. சர்வீஸ் சென்டரில் மெயின் போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். அந்த போர்டு இப்போது வருவதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். உள்ளே ஆறு ஸ்பீக்கரும் நல்ல நிலையில் இருந்தன. பெட்டி இப்போது பரணில் இருக்கிறது.

எல்லா ஆல் இன் ஒன்னும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குமுன் இரண்டு விஷயத்தைக் கேளுங்கள்: உங்கள் ஊரில் சர்வீஸ் இருக்கிறதா, வாரன்டி முடிந்தபிறகு போர்டு எத்தனை வருடம் கிடைக்கும். ஆக்டிவ் ஸ்பீக்கரில் இன்னொன்றும் உண்டு. ஒரு பெட்டியில் கோளாறு வந்தால் பாட்டு முழுக்க நின்றுபோகலாம், பத்துப் பதினைந்து கிலோ பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

எங்கள் ஹால் 12-க்கு 14 அடி. பெரிய சிஸ்டம் தேவையா?

முதலில் கை தட்டிப் பாருங்கள். மொசைக்கோ டைல்ஸோ போட்ட தரை, பூசிய செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, ஒரு மர சோபா என்று இருந்தால் தட்டிய சத்தம் 'ட்ரிங்' என்று இழுக்கும். அந்த அறையில் ஒரு லட்சமும் பத்து லட்சமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கும்.

பேஸ், அதாவது தடித்த சத்தத்தின் கதை இன்னும் பிடிவாதமானது. சென்னை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. 12 அடி என்பது 3.66 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பாதி அலை அச்சாகப் பொருந்தும் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க 350-ஐ 7.32-ஆல் வகுக்க வேண்டும்: 48 ஹெர்ட்ஸ். 14 அடிக்கு அது 41. இந்த அதிர்வெண்கள் சுவரோரம் உட்கார்ந்தால் ஊதிப் பெருக்கும், அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். அறை சதுரமாக இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து இன்னும் மோசம். இதை எந்த ஆம்பும் சரி செய்யாது.

மாம்பலத்தில் என் மாமனார் வீட்டில் நடந்தது. புது ஸ்பீக்கரை ஷோகேஸுக்கு இரண்டு பக்கமும் மூலையில் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். கச்சேரி ஒன்றைப் போட்டுவிட்டு, மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியும் வலப்பக்க வலந்தலையும் சரியாகக் கேட்கவில்லை என்று அவர் முகம் சுளித்தார். "மாப்பிள்ளை, தொப்பி ஒரே கும்முனு அடைக்குது, வலந்தலையையே காணோமே. திருப்பிக் குடுத்துடலாமா?" கொஞ்சம் பொறுங்கள் மாமா என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பெட்டியையும் மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தேன். உட்காரும் நாற்காலியைப் பின்சுவரிலிருந்து மூன்றடி நகர்த்தினேன். மாடி அறையில் சும்மா கிடந்த இலவம்பஞ்சு மெத்தையை நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சாய்த்துவைத்தோம். அதே பாட்டு. அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். தனி ஆவர்த்தனம் பாதியில் ஒரு விரலைத் தூக்கி, "சாப்பு விழுது பாருங்கோ" என்றார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

பவானி ஜமக்காளம் தரையில் விரித்தால் மெல்லிய சத்தத்தின் கூர்மை அடங்கும், பேஸை அது தொடாது. பேஸுக்கு இடம் மாற்றுவதும் கனமான பஞ்சும்தான் வழி. இந்த இடத்தில் ஆல் இன் ஒன்னுக்கு ஒரு நியாயமான சாதகம் இருக்கிறது: பலவற்றில் அறைக்கு ஏற்பச் சத்தத்தைத் திருத்தும் வசதி ஆப்பிலேயே வருகிறது. கெஃப் ஆப்பில் ஸ்பீக்கர் சுவருக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது, மேஜை மேலா ஸ்டாண்டு மேலா என்று சொன்னால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும். ஊதிப் பெருக்கும் அதிர்வெண்ணை இப்படி அடக்க முடியும். காணாமல் போனதைக் கொண்டுவர முடியாது, அதற்கு நாற்காலியைத்தான் நகர்த்த வேண்டும்.

எத்தனை வாட் வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஸ்பீக்கர் அட்டையில் 'சென்சிடிவிட்டி' என்று ஒரு எண் இருக்கும். 85 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் சத்தம் வரும் என்று பொருள். பத்தடி தள்ளி சோபாவில், இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து, ஏறக்குறைய 80 டெசிபல். ஒரு வாட்டிலேயே இது நல்ல சத்தம்தான். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல் கூடும். 40 வாட்டில் 96-ஐத் தொட்டுவிடும். மேல் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். யூனிட்டி ஆட்டமின் 40 வாட் சின்ன ஹாலுக்குப் போதும் என்று நான் சொல்வது இந்தக் கணக்கில்தான். பெரிய ஹால், தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர், மின்தடை குறைந்த 4 ஓம் ஸ்பீக்கர் என்று போனால் தனி பவர் ஆம்ப் பற்றி யோசிக்கலாம்.

தனி டி.ஏ.சி., விலையுயர்ந்த ஒயர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். இன்று நல்ல பெட்டிக்குள் இருக்கும் டி.ஏ.சி. போதும். ஸ்பீக்கர் ஒயருக்கு 2.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் எடுங்கள். மூன்று மீட்டர் தூரத்துக்குப் போக வர அதன் தடை 0.05 ஓமைக்கூடத் தொடாது, உங்கள் ஸ்பீக்கர் 4 அல்லது 8 ஓம். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

புளூடூத் இருந்தால் போதாதா?

விருந்தாளிக்குப் போதும். சி.டி.யின் தரம் விநாடிக்கு 1,411 கிலோபிட். சாதாரண புளூடூத்தில் 330-ஐத் தாண்டாது, மிச்சத்தைக் கழித்துவிட்டுத்தான் அனுப்புகிறது. வைஃபையில் இன்னொரு சௌகரியமும் உண்டு: ஸ்பாட்டிஃபை கனெக்ட் போன்ற முறையில் ஃபோன் ரிமோட் வேலைதான் பார்க்கும், பாட்டைப் பெட்டியே இணையத்திலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும். நடுவில் உங்களுக்கு அழைப்பு வந்தாலும் ஹாலில் பாட்டு நிற்காது.

டி.வி.யையும் இதிலேயே இணைக்கலாமா? இணைத்தால் 'உர்ர்' என்று சத்தம் வருகிறதே?

இணைக்கலாம். டி.வி.யின் சத்தத்தை ஹெச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாகவே பெட்டிக்கு அனுப்பும் 'ஹெச்.டி.எம்.ஐ. ஆர்க்' வசதி இருக்கிறதா என்று பாருங்கள், டி.வி. ரிமோட்டிலேயே சத்தம் கூட்டலாம்.

அந்த 'உர்ர்' பெரும்பாலும் எர்த் லூப். டி.வி.க்கு ஒரு சுவரிலும் ஆம்புக்கு எதிர்ச் சுவரிலும் கரண்ட் எடுத்திருப்பீர்கள். கூடவே கேபிள் டி.வி. ஒயர் வெளியிலிருந்து தன் எர்த்தைக் கொண்டுவரும். இவற்றுக்கு நடுவே சிக்னல் ஒயர் வழியாக மெல்லிய மின்சாரம் சுற்றிவருவதுதான் 50 ஹெர்ட்ஸ் முனகல். கேபிள் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் திருடன் அதுதான். எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுங்கள், டி.வி.யிலிருந்து ஆம்புக்கு ஆப்டிகல் ஒயர் போடுங்கள், அதில் மின்சாரம் போகவே வழியில்லை. சிலர் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடச் சொல்வார்கள். ஒருநாளும் செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

பெட்டிகள் கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடும். ஒற்றைப் பெட்டியில் இது அநேகமாக வராது.

கரண்ட், கடல் காற்று, பூச்சி எல்லாம் கெடுக்குமா?

கெடுக்கும், அதுவும் கேட்டலாக்கில் போடாத அளவுக்கு. முதல் செலவு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் அளக்கச் சொல்வது. அடுத்தது சர்ஜ் புரொடெக்டர். இடி இடித்தால் பிளக்கையே கழற்றுங்கள், ஆன்டெனா, கேபிள், நெட் ஒயர் உட்பட. சாதாரண இன்வெர்ட்டரின் சதுர அலையில் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் முனகும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக் காற்றில் பிளக் முனைகள் பச்சை பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். ஸ்பீக்கர் கூம்பின் ஓரத்தில் ஃபோம் வளையம் இருந்தால் நம் ஊர் ஈரத்தில் பொடிந்து உதிரும். ரப்பர் வளையமாகப் பார்த்து வாங்குங்கள்.

பல்லியைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. குளிர்காலத்தில் கதகதப்புக்காக ஆம்பின் காற்றுத் துளை வழியாக உள்ளே போய், இரண்டு முனைக்கு நடுவே படுத்து, தானும் செத்து போர்டையும் எரித்துவிடும். மூன்று வீட்டில் பார்த்திருக்கிறேன். அதற்காக ஆம்ப் மேல் துணி உறை போட்டுவிடாதீர்கள், சூடு போக வழியில்லாமல் கெபாசிட்டர் சீக்கிரம் போய்விடும். கொசுவலைத் துணியைத் துளைகளின் மேல் ஒட்டுங்கள், காற்று போகும், பல்லி போகாது.

அமெரிக்காவில் இருக்கும் அக்கா கொண்டுவரட்டுமா?

அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பெட்டியின் பின்பக்கம் '100-240' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் சரி. கனமான டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப் பலவற்றில் அப்படி இருக்காது. சொருகிய நொடியில் புகைந்துவிடும். சிங்கப்பூரிலிருந்து வந்தால் வோல்டேஜ் நமக்கு ஒத்துப்போகும், பிளக் முனையை மாற்றினால் போதும். எங்கிருந்து வந்தாலும் வாரன்டி இங்கே செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் தேவைப்படாத சாதாரண ஸ்பீக்கரைத் தாராளமாகக் கொண்டுவரலாம்.

மூன்று லட்சம் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

ஸ்பீக்கருக்கு ஒன்றரை, ஸ்ட்ரீமரும் ஆம்பும் சேர்ந்த பெட்டிக்கு ஒன்று. மிச்ச ஐம்பதாயிரத்தில் கனமான ஸ்டாண்டு, திரைச்சீலை, எர்த் வேலை, ஒயர். கடைசி வரியைப் பார்த்துப் பலர் தயங்குவார்கள். ஆனால் ஸ்டாண்டும் திரையும் இல்லாத ஒன்றரை லட்ச ஸ்பீக்கரைவிட, அவை இருக்கும் எண்பதாயிர ஸ்பீக்கர் நன்றாகப் பாடுவதைக் காதாரக் கேட்டிருக்கிறேன்.

கடையில் எப்படிக் கேட்டுப் பார்ப்பது?

உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கொண்டுபோங்கள், கடைக்காரர் போடும் பாட்டு வேண்டாம். இரண்டு சிஸ்டத்தை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கட்டும். ஒரு டெசிபல் கூட இருப்பது எதுவோ, அதுதான் நன்றாக இருக்கிறது என்று மனசு சொல்லிவிடும். ஃபோனில் டெசிபல் அளக்கும் ஆப் ஒன்று வைத்துக்கொண்டு சரிபாருங்கள்.

நான் முதலில் போடுவது வெறும் தம்புரா. ஜீவாளி நூல் தரும் ரீங்காரம் ஒரே இரைச்சலாகக் கேட்கிறதா, ஒரு சுருதிக்குள் இழை இழையாகப் பிரிந்து மேலே மேலே போகிறதா? அடுத்தது ஒரு பெண் குரல், பக்கவாத்தியம் குறைவாக. கண்ணை மூடினால் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவே, காற்றில், ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கடைசியாக, சத்தத்தை மிகவும் குறைத்து வைத்துக் கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் நீங்கள் கேட்கப்போவது அந்த அளவில்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். இவ்வளவு விலைக்கு அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அம்மாதான் அதிகம் கேட்பார். அவருக்கு எது?

ஒற்றைப் பெட்டி, யோசனையே வேண்டாம். முன்பக்கம் தொட்டு உணரக்கூடிய பட்டன், பிடித்த வரிசையை ஒரே அழுத்தில் போடும் வசதி, கையில் பிடிக்க ஒரு ரிமோட். ஆப்பில் மட்டுமே இயங்கும் பெட்டியை எழுபது வயதுக்காரருக்கு வாங்கித் தராதீர்கள். பாட்டுப் போட ஒவ்வொரு முறையும் அவர் பேரனைக் கூப்பிட வேண்டிவரும். பேரன் ஃபோனில் விளையாடிக்கொண்டிருந்தால் அன்றைக்குப் பாட்டு இல்லை.

அப்பாவின் பழைய ஆம்பும் ஸ்பீக்கரும் இருக்கின்றன. தூக்கிப் போடவா?

போடாதீர்கள். ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றி, கூம்பு ஓரத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் மிருதுவாக இருந்தால் நல்லது. ஃபோம் பொடியாகக் கையில் வந்தால் புது வளையம் ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆம்பை நேராகக் கரண்டில் சொருகாமல் முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பல வருடம் ஓடாத கெபாசிட்டரில் திடீரென்று முழு வோல்டேஜ் ஏறினால் வெடிக்கும். தேறினால், பின்பக்கம் 'ஆக்ஸ்' அல்லது 'டேப்' என்று எழுதிய இரண்டு துளையில் ஒரு சின்ன ஸ்ட்ரீமரின் ஒயரைச் சொருகுங்கள். ஆம்பின் வால்யூமை அப்பா வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு, பாட்டைப் போடுங்கள்.